உமலுக்குள் ஒரு பிஸ்டன்

உலகத்தில் எந்திரங்களைப் பழுதாக்குகிறவர்கள் உண்டு, பழுது பார்க்கிறவர்கள் உண்டு, பழுது பார்ப்பதை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஆலோசனை சொல்கிறவர்களும் உண்டு. இந்த மூன்று கூட்டத்திலும் சேராத நாலாவது இனம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஆயுதந்தேடி என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கராச்சுகளில் சாவி, குறடு, சுத்தியல் எல்லாவற்றையும் மொத்தமாக ஆயுதம் என்றுதான் சொல்வார்கள். ஆகவே கத்தி, அரிவாள் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆயுதந்தேடி யாரையும் வெட்டமாட்டார். கழற்றிய எதையும் திரும்பப் பூட்டவும் மாட்டார். பூட்டுவதற்கு ஏற்ற ஆயுதத்தை, நல்லதாக, மலிவாக, அவசரப்படாமல் தேடிக்கொண்டிருப்பார்.

நீங்கள் அவரைக் கண்டிருப்பீர்கள். ஹாட்வெயார் கடையில் உங்களுக்கு முன்னால் நின்று, உங்களுக்கு வேண்டிய ஒரே ஒரு ஆணியை வாங்கவிடாமல், கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுப்பித்து, கையில் வைத்துப் பாரம் பார்த்து, மூக்கில் வைத்து மணந்து, பெட்டியில் உள்ள சின்ன எழுத்தையெல்லாம் வாய்விட்டு வாசித்து, "இது சைனாவா, யப்பானா?" என்று கேட்டு, கடைக்காரர் எந்தப் பதிலைச் சொன்னாலும் 'எனக்குத் தெரியாதா' என்று ஒரு சிரிப்புச் சிரித்து, கடைசியில் "வாறன்" என்று சொல்லிப் போனாரே ஒருவர், அவர்தான். அடுத்த நாளும் வருவார். அதே சாமானை அதேபோல மணப்பார்.

அவருக்குச் சில வசனங்கள் உண்டு. "ஒருக்காப் பாவிக்கிற சாமானுக்கு ஏன் காசக் கொட்டுவான்?" என்பது ஒன்று. "ரெண்டும் ஒரே கொம்பனிதான், பேர்தான் வேற" என்பது இன்னொன்று. இரண்டையும் விடப் பயங்கரமானது "கையில இரிக்கிறத வச்சுச் செய்யலாம்" என்பது. இந்த மூன்றாவது வசனம் ஒரு வீட்டுக்குள் கேட்கத் தொடங்கினால் அந்த வீட்டுப் பெண்கள் அடுப்படியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்வது நல்லது. ஏன் என்று கேட்கிறீர்களா? அதற்கு நான் மண்டூர் உதயரூபனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உதயரூபன் பிறந்தது கல்லடியில். மண்டூருக்கு வந்தது கலியாணம் செய்து. எங்கள் பகுதி வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: வீடு பெண்ணுக்கு, வளவு பெண்ணுக்கு, வயல் பெண்ணுக்கு, மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். உதயரூபனும் ஒரு பெட்டியோடும் ஒரு மோட்டார் சைக்கிளோடும் வந்து சேர்ந்தார். வீடு அவருடைய மனைவி நிருஷாவுடையது. வட்டையில் இருக்கிற வயலும் நிருஷாவுடையது. வயலை உழுகிற, இரண்டு சில்லில் ஓடும் மெசினும் நிருஷாவின் தகப்பன் சாகுமுன் அவளுக்கென்று வாங்கி விட்டுப்போனது. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'கையில் இருக்கிறது' என்று உதயரூபன் சொன்னபோது அவருடைய கையில் இருந்த எதுவும் அவருடையது இல்லை. செலவில்லாமல் ஆயுதம் தேடுகிற ஒருவருக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

ஆவணி மாதத்தில் மெசின் நீலமாகப் புகைத்தது. உதயரூபன் அதை விறாந்தையில் ஏற்றிக் கழற்றினார். கழற்றுவதில் அவர் கெட்டிக்காரர். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று கண்டுபிடித்தார். அது சரியான கண்டுபிடிப்பு. அடுத்த நாளே புதிய ரிங்குகளை வாங்கி வந்தார், அதுவும் சரி. இந்த மனிதரை நான் வேண்டுமென்று குறை சொல்லவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இனி ரிங்குகளைப் பிஸ்டனில் போட்டு, பிஸ்டனைச் சிலிண்டருக்குள் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அதற்கு மூன்று ஆயுதம் வேண்டும். ரிங்கின் வாய் இடைவெளி சரிதானா என்று பார்க்கும் மெல்லிய தகடுகள் ஒன்று. ரிங்கை உடைக்காமல் விரித்துப் போடும் குறடு ஒன்று. பிஸ்டனைத் தள்ளும்போது விரிந்து நிற்கிற ரிங்குகளைச் சுற்றி வளைத்து அமுக்கிப் பிடிக்கும் பட்டி ஒன்று. மூன்றும் மட்டக்களப்பில் எந்த நல்ல கடையிலும் கிடைக்கும். அதுதான் உதயரூபனுக்குப் பிடிக்கவில்லை. எந்தக் கடையிலும் கிடைக்கிற ஒன்றை வாங்குவதில் என்ன திறமை இருக்கிறது?

முதலில் இடைவெளித் தகடு. அதற்குப் பதிலாகச் சவரப் பிளேட்டை வைத்துப் பார்த்தார். ஒன்று மெல்லிசு, இரண்டு தடிப்பு. காலண்டர்த் தாளை வைத்துப் பார்த்தார். பழைய லொத்தர்ச் சீட்டை வைத்துப் பார்த்தார். பிஸ்கட் பக்கற்றின் ஈயத்தாள், வெங்காயத்தின் மேல் தோல், நிருஷாவின் தலைமயிர், மாமியின் தலைமயிர் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, மாமியின் மயிர்தான் ஒரே சீரான கனம் என்று முடிவு செய்து, இன்னும் கொஞ்சம் தேவைப்படும் என்று நிருஷாவிடம் சொல்லியனுப்பினார். மாமி தலையில் சீலையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் போய் இருந்துவிட்டார்.

மாமி என்றால் நிருஷாவின் தாய் இரத்தினம்மா. இரத்தினம்மா மருமகனோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. மரியாதை. சொல்ல வேண்டியதை முற்றத்துக் கோழியிடம் சொல்வார், மருமகனுக்குக் கேட்கிற மாதிரி. அந்த ஆவணிக்குப் பிறகு அந்தக் கோழிக்கு ஓய்வே கிடைக்கவில்லை.

இரண்டாவது ஆயுதம் விரிக்கும் குறடு. கடையில் வாங்குகிற குறடு பிடியை அமுக்கினால் வாயை விரிக்கும். இப்படி எதிர்மாறாக வேலை செய்கிற சாமான் வீட்டில் என்ன இருக்கிறது என்று உதயரூபன் ஒரு கிழமை யோசித்தார். எதிர்மாறாக வேலை செய்கிற சாமான் எதுவும் இல்லை, ஆனால் எதையும் எதிர்மாறாகப் பிடிக்கலாம் என்ற உண்மை அவருக்கு ஒரு மத்தியானச் சோற்றின்போது தெரிந்தது. சோற்றை அரைவாசியில் விட்டு எழும்பிப் போய் மாமியின் வெற்றிலைத் தட்டத்தில் இருந்து பாக்குவெட்டியை எடுத்தார். பித்தளைப் பூண் போட்ட பழைய பாக்குவெட்டி. தலைகீழாகப் பிடித்து, பிடிகளை ரிங்கின் வாய்க்குள் கொடுத்து விரித்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், விரிந்தது. அன்றிலிருந்து அது ஆயுதப்பெட்டிக்குள் போய்விட்டது. மாமி பாக்கை அம்மியில் வைத்துத் தட்டிக்கொண்டு கோழியைப் பார்த்துச் சொன்னார்:

"பாக்குவெட்டியும் போயிற்று. இனி என்ட பல்லுத்தான் மிச்சம். அதுவும் ஏதும் இஞ்சினுக்கு உதவுமெண்டாக் கழட்டித் தாறன்."

கோழி மண்ணைக் கொத்தப் போனது. உதயரூபன் மட்டும் மாமியின் பல்லை ஒருமுறை நின்று பார்த்தார்.

மூன்றாவது ஆயுதம்தான் பெரிய கதை. அமுக்கும் பட்டி. பால்மா ரின்னை வெட்டிப் பார்த்தார்; அதில் அலை விழுந்திருந்தது. சைக்கிள் ரியூப்பைச் சுற்றிப் பார்த்தார். பிஸ்டனைத் தள்ள ரியூப்பும் கூடவே போனது. தன்னுடைய இடுப்புப் பெல்ட்டைச் சுற்றிப் பார்த்தார். பிஸ்டன் நின்றது, காற்சட்டை நிற்கவில்லை. மாமியைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் பிரஷர் பார்க்கும் பட்டி மாமியின் கையைச் சுற்றி அமுக்குவதைக் கண்டு எழும்பி நின்றுவிட்டார். இது எந்தக் கொம்பனி, பழையது ஏதும் கழித்துப் போடுவதில்லையா என்று தாதியிடம் கேட்டார். அன்று மாமியின் பிரஷர் வழமையைவிடக் கூடக் காட்டியது. டொக்டர் குளிசையைக் கூட்டி எழுதினார்.

இப்படித் தேடத் தேட, எதைப் பார்த்தாலும் உடனே அளந்து பார்க்க வேண்டும் என்பதற்காகப் பிஸ்டனையே கையோடு கொண்டுதிரியத் தொடங்கினார் உதயரூபன். மண்ணெண்ணெயில் கழுவி, பழைய சாரத்துண்டில் சுற்றி, மீன் வாங்கும் பனையோலை உமலுக்குள் வைத்துத் தோளில் மாட்டிக்கொள்வார். கலியாண வீட்டுக்குப் போனாலும் உமல், செத்தவீட்டுக்குப் போனாலும் உமல். கோயில் திருவிழாவில் சேர்ட்டைக் கழற்றும்போது உமலையும் கழற்றி வாசலில் ஓரமாக வைத்தார். யாரோ பக்தர் அதை நேர்த்திக்கு வைத்த சாமான் என்று எண்ணி, திருநீறு பூசி, பூவும் வைத்துவிட்டார். உதயரூபன் வீட்டுக்கு வந்து ரிங் வாய்க்காலுக்குள் போன திருநீற்றை ஈர்க்கிலால் தோண்டியபடி, முருகனை அல்ல, அந்தப் பக்தரைத்தான் குறை சொன்னார்.

உமல் போன இடமெல்லாம் கதையும் போனது. மண்டூரில் இருந்து வாவியைக் கடந்து குருமண்வெளிக்குப் போவதென்றால் பாதையில் ஏற வேண்டும். பாதை என்பது எங்கள் ஊரில் தெருவைக் குறிக்காது, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியில் மிதந்து போகிற இரும்பு மேடை அது. ஒரு நாள் காலையில் உதயரூபன் அதில் நின்றபடி உமலைத் திறந்தார். பாசிக்குடா ஹோட்டலில் வேலை செய்யும் ஒருவர், அங்கே வாற வெள்ளைக்காரர் பெட்டியைச் சுற்றிக் கட்டுகிற பட்டி நல்லது என்றார். மீன்காரர் ஒருவர் தங்கூசி நூலால் நெருக்கிச் சுற்றிக் கட்டச் சொன்னார். தபால்காரர் அதெல்லாம் சரிவராது என்றார், ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. பாதை அக்கரையைத் தொட்டது. ஒருவரும் இறங்கவில்லை. அக்கரையில் நின்றவர்கள் ஏறினார்கள். ஏறியவர்களுக்கு முதலில் இருந்து விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பாதை திரும்பியது. மண்டூர்க் கரைக்கு வந்து சேர்ந்தபோதுதான் தபால்காரருக்குத் தான் எங்கே போகப் புறப்பட்டோம் என்ற நினைவு வந்தது. அன்று குருமண்வெளியில் தபால் இல்லை.

சிரிக்கிறீர்கள். நிருஷா சிரிக்கவில்லை. அவளுக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

வட்டை என்றால் பலருடைய வயல்கள் சேர்ந்த ஒரே பரப்பு. ஒருவருடைய வயலால் வடிந்துதான் மற்றவருடைய வயலுக்குத் தண்ணீர் போகும். ஆகவே எல்லோரும் ஒரே காலத்தில் உழுது, ஒரே காலத்தில் விதைத்து, ஒரே காலத்தில் அறுக்க வேண்டும். பிந்தி விதைத்தவருடைய கதிர் தனியாக நிற்கும்; மற்ற வயல்கள் அறுத்து வெறுமையானதும் வட்டையில் உள்ள கிளி, எலி, பூச்சி எல்லாம் அந்த ஒரு வயலுக்கு விருந்துக்கு வரும்; பிறகு மாடும் வரும். போன பெரும்போகம் நிருஷாவுக்கு அதுதான் நடந்தது. அப்போது உதயரூபன் உழவுக் கொழுவுக்குப் பொருத்தமான, ஆணியில் முடுக்கும் ஒரு சுரையை மலிவாகத் தேடிக்கொண்டிருந்தார். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தது சாக்கும் வைக்கோலும்தான். இந்த முறையும் பிந்தினால் வீட்டில் நெல் இராது. அந்தப் பயம் ஆவணி தொடங்கி அவள் நெஞ்சுக்குள் இருந்தது.

புரட்டாதியில் வட்டைக் கூட்டம் வைத்தார்கள். வாய்க்கால் எப்போது வெட்டுவது, மாடுகளை எப்போது அகற்றுவது, விதைப்பு எந்தத் திகதியில் என்றெல்லாம் தீர்மானிக்கிற கூட்டம். நிருஷா காய்ச்சலில் கிடந்தாள். எனவே புருஷனை அனுப்பினாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டு வரச் சொன்னாள்: விதைப்புத் திகதி.

உதயரூபன் போனார். உமலும் போனது. வட்டைக்குப் பொறுப்பான விதானை கந்தப்போடி, கண்டிப்பான மனிதர், மேசைக்குப் பின்னால் இருந்து கூட்டத்தைத் தொடங்கினார். பின்வரிசையில் இருந்த ஒருவர் உதயரூபனிடம் உமலுக்குள் என்ன என்று கேட்டார். அவ்வளவுதான். விதானை வாய்க்காலைப் பற்றிப் பேசும்போது பின்வரிசை திரும்பியது. மாட்டைப் பற்றிப் பேசும்போது நடுவரிசை திரும்பியது. கொஞ்ச நேரத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ரிங்கைத் தகரத்தால் அமுக்க வேண்டும் என்று ஒரு கட்சி, கயிற்றால் அமுக்க வேண்டும் என்று ஒரு கட்சி. தகரக் கட்சிக்காரர் ஒருவருக்குக் கயிற்றுக் கட்சியில் இருந்த தன் சொந்த மச்சானோடு இன்றுவரை பேச்சில்லை. விதானை கந்தப்போடி முன்வரிசைக்கு மட்டும் திகதியை அறிவித்துவிட்டுக் கோபத்தோடு எழும்பிப் போனார்.

உதயரூபன் பொழுதுபடச் சந்தோசமாக வீட்டுக்கு வந்தார். நிருஷா பாயில் இருந்து எழும்பி உட்கார்ந்தாள்.

"எண்டைக்காம் விதைப்பு?"

"அதில ரெண்டு அபிப்பிராயம் இரிக்கி," என்றார் உதயரூபன். "தகரமெண்டு கொஞ்சப் பேர். கயிறெண்டு கொஞ்சப் பேர். எனக்கெண்டாத் தகரம்தான் சரி போலக் கிடக்கு."

 நிருஷா போனை எடுத்து விதானைக்கு அடித்தாள். திகதி நினைத்ததைவிடக் கிட்ட இருந்தது. மெசின் விறாந்தையில் துண்டுதுண்டாகக் கிடந்தது. அவள் ஆத்திரப்படவில்லை, அழுகை வந்தது, அதையும் அடக்கிக்கொண்டு ஒருதரம் கேட்டுப் பார்த்தாள்.

"இஞ்சேருங்க, கராச்சில குடுத்துப் பூட்டி எடுப்பமா? ஒரு நாளில தருவாங்க."

"கராச்சிலயா? அவங்க என்ன ஆயுதம் பாவிப்பாங்க எண்டு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றாள். தனக்கும் தெரியாது, அதனால்தான் பயமாக இருக்கிறது என்றார் உதயரூபன். ஆயுதந்தேடியோடு விவாதிக்க முடியாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

நிருஷா அடுத்த நாள் விடிய வெள்ளாப்பிலேயே கல்முனைப் பக்கத்து றுஸ்திக்குப் போன் எடுத்தாள். றுஸ்தி பெரிய உழவு மெசின் வைத்திருக்கிறவர். அவள் தகப்பனோடு பழகியவர். கூலியை அறுப்பில் நெல்லாகத் தாருங்கள் தங்கச்சி என்று சொல்லி, வந்து உழுது கொடுத்தார். வட்டை விதைத்த அன்றைக்கே நிருஷாவின் வயலும் விதைபட்டது. அவள் தானும் தாயுமாக நின்று விதைத்தாள். கோழியும் வந்திருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் வந்திருந்தது.

அவள் இதை உதயரூபனுக்குச் சொல்லாமல் மறைத்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. சோறு போடும்போது சொன்னாள். "வயல் விதைச்சாச்சு" என்றாள். உதயரூபன் போனில், ரஷ்யாவிலோ எங்கேயோ ஒருவர் மரக்கட்டையைக் குடைந்து ரிங் அமுக்குவதைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றார். பசளை போட்ட அன்றும் சொன்னாள். அதற்கும் "ம்". ஆயுதந்தேடியின் "ம்" என்பது வெறும் மூச்சு. சம்மதம், விளக்கம், காது கேட்டது என்று எந்தக் கருத்தையும் அதற்கு நீங்கள் கொடுக்கக்கூடாது.

கார்த்திகை மழை ஊற்றிய ஒரு காலையில் நிருஷா பிட்டு அவித்தாள். அலுமினியக் குழலை அடுப்பில் இருந்து இறக்கி, பிட்டைத் தள்ளுவதற்காகத் தடியைத் தேடினாள். தடி கிடைக்கவில்லை. (தடி பிஸ்டனைத் தட்டுவதற்கென்று புரட்டாதியிலேயே ஆயுதப்பெட்டிக்குள் போய்விட்டது.) அந்த நேரத்தில் உதயரூபனின் கண் பிட்டுக்குழலில் விழுந்தது. உருண்டையான வாய். வழுவழுப்பான உள்பக்கம். அவர் உமலைத் திறந்து பிஸ்டனை எடுத்துக் குழலின் வாயில் வைத்தார். மயிரிழை இடைவெளிதான் மிஞ்சியது. அழுத்தினார். பிஸ்டன் குழலுக்குள் மெதுவாக இறங்க, மறுபக்கத்தால் பிட்டு முழுசாக, உடையாமல், ஆவி பறக்க வெளியே வந்து தட்டில் நின்றது.

இப்படி ஒரு பிட்டை மண்டூரில் யாரும் கண்டிருக்கமாட்டார்கள். உதயரூபன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கத்தாலும் ஆவி கசியவில்லை என்றார். பிறகு பிட்டைச் சாப்பிடாமல், குழலை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய், இரும்பு வாளால் நீளத்துக்கு அறுத்தார்.

மாமி கோழியிடம் கூட ஒன்றும் சொல்லவில்லை. அது எப்பேர்ப்பட்ட கோபம் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு நீதியை எதிர்பார்ப்பீர்கள்: மலிவு ஆயுதம் காலை வாரிவிடும், ரிங் உடையும், பிஸ்டன் சிக்கும், உதயரூபன் தலையில் கைவைப்பார் என்று. உங்களை ஏமாற்றுவதற்கு மன்னிக்கவும். பிட்டுக்குழல் அருமையாக வேலை செய்தது. அறுத்த குழலை ரிங்குகள் மேல் சுற்றி, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கிளிப்பால் இறுக்கி, எண்ணெய் விட்டு, பிட்டுத் தடியால் மெல்லத் தட்ட, பிஸ்டன் சத்தமில்லாமல் சிலிண்டருக்குள் போய் இருந்தது. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் கூட ஆகவில்லை. மற்றதையெல்லாம் பூட்டி முடிக்க மார்கழி பிறந்துவிட்டது, ஏனென்றால் ஒவ்வொரு சுரைக்கும் ஒரு தேடல் இருந்தது. ஆனால் கம்பியைப் போட்டுச் சுழற்றியதும் மெசின் முதல் சுழற்றிலேயே பிடித்தது. நீலப் புகை இல்லை. சத்தம் மணிமணியாக இருந்தது. நிறுத்தி நிறுத்தித் திரும்பவும் ஸ்டார்ட் பண்ணினார். ஒவ்வொரு முறையும் பிடித்தது.

அந்த மனிதரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்கே அவர்மேல் அன்பு வந்துவிட்டது. உழவுக் கொழுவைப் பூட்டி, விபூதி பூசி, தெருவால் மெசினை ஓட்டிக்கொண்டு, வேலிக்கு வேலி நின்றவர்களுக்கெல்லாம் கையைக் காட்டிக்கொண்டு, வட்டையை நோக்கிப் போனார். பின்னால் கொஞ்சப் பேர் சேர்ந்து நடந்தார்கள். தகரக் கட்சி முன்னாலும் கயிற்றுக் கட்சி கொஞ்சம் தள்ளிப் பின்னாலும் வந்தது. ஏன் போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மார்கழியில் கொழு பூட்டிய மெசின் எங்கே போகும் என்று பார்க்க எல்லோருக்கும் ஆசையாக இருந்தது.

வட்டை பச்சையாக இருந்தது. வெறும் வெட்டையாக ஒரு துண்டு நிலமும் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் பயிர், குடலைப் பருவத்தில், கதிர் வெளியே வரப்போகிற நேரம். வரம்புக்கு வரம்பு தண்ணீர் சரியாக நின்றது. உதயரூபன் பெரிய வரம்பில் மெசினை நிறுத்தினார். ஆனால் அணைக்கவில்லை. அதன் சத்தத்துக்குக் கொக்குகள் எழும்பிப் போயின. இடுப்பளவு பயிருக்குள் புல் பிடுங்கிக்கொண்டிருந்த நிருஷா நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த வரம்பில் குடையோடு நின்ற விதானை கந்தப்போடியும் பார்த்தார்.

உதயரூபன் பயிரைப் பார்த்தார். மெசினைப் பார்த்தார். திரும்பவும் பயிரைப் பார்த்தார்.

"ஆர்ர வயல் இது?" என்று கேட்டார்.

"என்ட வயல்," என்றாள் நிருஷா.

கத்தவில்லை, ஏளனமாகவும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். பின்னால் வந்த கூட்டத்தில் ஒருவர் இருமினார். உதயரூபன் குனிந்து மெசினை அணைத்தார். ஆவணியில் இருந்து மார்கழி வரை தான் எந்த வயலுக்காகத் தேடினாரோ அந்த வயல் தான் இல்லாமலே உழுது, விதைத்து, குடலைக்கு வந்து நிற்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் சிறுத்துப் போனது. பாவமாகத்தான் இருந்தது. மெசினை அந்த வரம்பில் திருப்ப முடியாமல் பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போனார். அதற்குத் தகரக் கட்சியும் கயிற்றுக் கட்சியும் சேர்ந்து கைகொடுத்தன. அவை ஒன்றாகச் செய்த ஒரே வேலை அது.

அன்று பின்னேரம் நிருஷா ஒன்றும் ஏசவில்லை. ஒரே ஒரு வேலைதான் சொன்னாள். அறுப்பு வரும், றுஸ்தி அண்ணனும் ஆட்களும் வருவார்கள், வயலுக்குப் பிட்டு அவித்துக் கொண்டு போக வேண்டும், ஆகவே ஒரு பிட்டுக்குழல் வேண்டும் என்றாள். நாளைக்கே போய் வாங்கி வாருங்கள் என்றாள்.

உதயரூபன் தலையை ஆட்டினார். மனப்பூர்வமாகத்தான் ஆட்டினார். கொஞ்சம் யோசித்தார்.

"அவசரப்படக் கூடாது," என்றார். "நல்ல குழல் மலிவா எடுக்கலாம்."

மாமி முற்றத்துக் கோழியைத் தேடிக்கொண்டு எழும்பினார்.

அடுத்த நாள் காலை அவரைப் பாதையில் கண்டேன். தோளில் அதே உமல். உள்ளே சாரத்துண்டில் சுற்றி, குழலுக்குள் போட்டு அளந்து பார்ப்பதற்காக, ஈரம் காயாத பிட்டு மா இருந்தது. தபால்காரர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாதை அக்கரையைத் தொட்டது. நான் மட்டும் இறங்கினேன்.

நல்ல காலம், நாங்கள் இப்படி இல்லை என்று நீங்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. அப்படியா? உங்கள் வீட்டு மின்விசிறி எப்போது கழற்றப்பட்டது? அதைப் பூட்டுவதற்கு எதையோ பார்த்து வைத்திருப்பதாக யாரிடம் சொன்னீர்கள்? சரி, அதை விடுங்கள். இடைவெளித் தகட்டுக்குப் பதிலாகக் காலண்டர்த் தாள் என்று நான் சொன்ன இடத்தில் உங்கள் பெருவிரலும் சுட்டுவிரலும் இந்தப் புத்தகத்தின் தாளைப் பிடித்து ஒருதரம் கனம் பார்த்தன. மறுக்க வேண்டாம். ஒன்று மெல்லிசு, இரண்டு சேர்த்தால் சரியாக இருக்கும் என்றும் நினைத்தீர்கள். கிழிப்பதானால் கிழியுங்கள். அதற்கு முன்னால் அட்டையைத் திருப்பி, உள்ளே யாருடைய பெயர் எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.